தோட்டத்தைக் கொடுக்காதவர் எதைத் திரும்பக் கேட்கிறார்?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நம் மஹல்லாக்கள் பலவற்றில் ஒரு கணவர் மனைவியைப் பிரிய முடிவு செய்துவிட்டால் காரியம் விரைவாக முடிந்துவிடுகிறது. கடிதம் வருகிறது, பதிவேட்டில் பதியப்படுகிறது, இத்தாக் காலத்திற்கென ஒரு தொகை பேசி முடிக்கப்படுகிறது. ஏன் பிரிகிறீர்கள் என்று அவரை யாரும் துருவிக் கேட்பதில்லை. அது அவருடைய உரிமை என்று சொல்லிவிடுகிறோம். அதே மஹல்லாவில் ஒரு மனைவி பிரிய விரும்பி மனுக் கொடுத்தால் நிலைமை தலைகீழாகிறது. 'பொறுத்துப் போம்மா', 'பிள்ளைகளை நினைத்துப் பார்', 'மாப்பிள்ளை சபரிலிருந்து வரட்டும்', 'அவர் சம்மதித்தால் பார்க்கலாம்' என்று மாதங்கள் நகர்கின்றன. சில இடங்களில் ஆண்டுகளே நகர்கின்றன. இதற்குள் அவர் வேறொரு நிகாஹும் செய்துகொள்கிறார். முதல் மனைவியோ வாழ்பவளாகவும் இல்லாமல், விடுதலை பெற்றவளாகவும் இல்லாமல் தாய்வீட்டில் அமர்ந்திருக்கிறாள்.

இந்த நிலைக்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டுகிறோமே, அதைத்தான் இக்கட்டுரை மறுக்கிறது. தலாக்கைக் கணவரின் கையில் கொடுத்த அதே ஷரீஅத், மனைவிக்குக் குல்உ என்னும் வாசலையும், காழியின் வழியாக ஃபஸ்க் என்னும் வாசலையும் திறந்து வைத்தது. முதல் வாசலை அகலத் திறந்துவிட்டு மற்ற இரண்டையும் பூட்டியவர்கள் நாம். நாம் போட்ட பூட்டை அல்லாஹ்வின் சட்டம் என்று சொல்வது சாதாரணப் பிழையன்று. அது அவன்மீது இட்டுக்கட்டுவதாகும்.

தொங்கவிடுவதைத் தடுத்த வேதம்

சூரத்துல் பகராவில் தலாக் பற்றிய வசனங்களைத் தொடர்ச்சியாக ஓதிப் பாருங்கள். மனைவியை நல்ல முறையில் வைத்துக்கொள்ள வேண்டும்; இல்லையேல் அழகிய முறையில் விடுவித்துவிட வேண்டும் (2:229). மூன்றாவதாக ஒரு வழி அங்கே சொல்லப்படவில்லை. துன்புறுத்தும் நோக்கத்தோடு அவளைத் தடுத்து வைப்பவன் தனக்குத் தானே அநீதி இழைத்தவன் என்று அடுத்துவரும் வசனம் எச்சரிக்கிறது (2:231). சூரத்துன் னிஸாவில், கொடுத்ததில் ஒரு பகுதியைப் பிடுங்குவதற்காகப் பெண்களை நெருக்கடிக்கு உள்ளாக்காதீர்கள் என்று தடை வருகிறது (4:19). பொற்குவியலையே கொடுத்திருந்தாலும், வேறொருத்தியை மணப்பதற்காக அவளிடமிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்று அடுத்த வசனம் தடுக்கிறது (4:20). பல மனைவியரை உடையவனுக்கு, ஒருத்தியை அந்தரத்தில் தொங்குபவளாக விட்டுவிடாதே என்ற கட்டளையும் அதே சூராவில்தான் இருக்கிறது (4:129).

இவ்வசனங்களைப் பயான்களில் கேட்டிருக்கிறோம். பஞ்சாயத்து நடக்கும் அறைக்குள் இவை ஏன் நுழைவதில்லை?

ஸாபித் (ரலி) அவர்களின் தோட்டம்

குல்உவின் மூலாதாரம் புகாரியில் பதிவான ஒரு நிகழ்ச்சி. ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி நபி (ஸல்) அவர்களிடம் வருகிறார். கணவரின் குணத்திலோ மார்க்கப் பற்றிலோ தாம் குறை காணவில்லை என்று அவரே சொல்கிறார். ஆயினும் மனம் ஒட்டாத அந்த வாழ்க்கையில் நன்றி கெட்டவளாகிவிடுவேனோ என்று அஞ்சுவதாகக் கூறுகிறார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தருவாயா என்று நபி (ஸல்) கேட்கிறார்கள். அவர் ஆம் என்கிறார். தோட்டத்தைப் பெற்றுக்கொண்டு ஒரு தலாக் சொல்லிவிடுமாறு ஸாபித் (ரலி) அவர்களுக்கு உத்தரவாகிறது. அத்தோடு வழக்கு முடிந்தது. இப்னு மாஜாவின் அறிவிப்பில், தோட்டத்திற்கு மேல் எதையும் வாங்கக் கூடாது என்ற குறிப்பும் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. கணவரின் குற்றத்தை நிரூபிக்கும்படி அப்பெண்ணிடம் கேட்கப்படவில்லை. தம் கணவர் நல்லவர் என்றே அவர் சாட்சியம் அளித்தார். அவரை ஆண்டுக்கணக்கில் அலைக்கழிக்கவும் இல்லை. திருப்பித் தரச் சொன்னது கணவர் உண்மையாகவே கொடுத்திருந்த ஒரு பொருளை மட்டுமே.

இனி நம்மூர்க் கணக்கைப் பார்ப்போம். நிகாஹ் சபையில் மஹர் அறிவிக்கப்படுகிறது. அது பெரும்பாலும் சிறு தொகை. கையில் கொடுக்கப்படாமல் கடனாகவே நிற்கும் மஹர்களும் உண்டு. எதிர்த் திசையிலோ பெண் வீட்டிலிருந்து நகை போகிறது, சீர் போகிறது, கைக்கூலி போகிறது. சில ஊர்களில் வீடே எழுதித் தரப்படுகிறது. பின்னொரு நாள் அப்பெண் குல்உ கேட்கும்போது, நகையை விட்டுக்கொடு, சீரைக் கேட்காதே, வழக்கு ஏதும் போட மாட்டேன் என்று எழுதிக்கொடு என்று பேரம் தொடங்குகிறது. ஸாபித் (ரலி) தோட்டத்தைக் கொடுத்திருந்தார்கள். தோட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். இவர் எந்தத் தோட்டத்தைக் கொடுத்தார்? கொடுக்காததைத் திரும்பக் கேட்பதற்குக் குல்உ என்று பெயரில்லை. அது மனைவியின் சொத்தைக் காட்டி அவளுக்கே விடுதலையை விற்கும் வாணிபம்.

நம் ஃபிக்ஹ் நூல்கள் இதை அறியாதவையல்ல. பிணக்கு கணவரின் பக்கத்திலிருந்து வந்திருந்தால், பிரிவதற்கு ஈடாக அவர் எதையும் வாங்குவது வெறுக்கத்தக்கது என்று ஹனஃபி மத்ஹபின் ஹிதாயா கூறுகிறது. கணவரின் கொடுமையால் மனைவி ஈடு கொடுத்து மீண்டாள் என்பது நிரூபணமானால், பிரிவு செல்லும், வாங்கிய ஈட்டைத் திருப்பித் தர வேண்டும் என்பது மாலிக்கி மத்ஹபின் தீர்ப்பு. இவை மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் பாடங்கள். பட்டம் வாங்கிய ஆலிம்கள் பஞ்சாயத்தில் அமரும்போது இப்பாடத்தை வீட்டில் வைத்துவிட்டு வருவது ஏன்?

பாதியை எடுத்துக்கொண்டோம், பாதியை விட்டுவிட்டோம்

'குல்உவுக்குக் கணவரின் சம்மதம் வேண்டும் என்று இமாம்கள் சொல்லியிருக்கிறார்களே' என்று கேட்பார்கள். உண்மைதான். ஸாபித் (ரலி) அவர்களுக்கு இடப்பட்ட உத்தரவு வழிகாட்டலே, கட்டாயம் அன்று என்பது ஃபுகஹாக்களில் பெரும்பாலோரின் கருத்து. அக்கருத்தை இங்கே நான் எதிர்க்கவில்லை.

ஆனால் அவர்கள் அதை எழுதிய காலத்தில் ஊருக்கு ஊர் அதிகாரமுள்ள காழி இருந்தார். கணவர் சம்மதிக்காவிட்டால் மனைவி காழியிடம் செல்வாள். அவர் விசாரித்து, அநீதி உறுதியானால் தலாக் சொல்ல வைப்பார், அல்லது ஃபஸ்க் மூலம் நிகாஹை முறிப்பார். கணவரின் சம்மதம் என்ற விதியும், காழியின் அதிகாரம் என்ற விதியும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள். ஆங்கிலேயர் ஆட்சியில் காழியின் தீர்ப்பளிக்கும் அதிகாரம் பறிபோனது. 1880ஆம் ஆண்டின் காழிகள் சட்டப்படி நியமிக்கப்படும் அரசுக் காழிக்கு நீதி வழங்கும் அதிகாரம் ஏதுமில்லை. ஒரு தட்டு விழுந்துவிட்டது. மற்றத் தட்டை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு இதுதான் தராசு என்கிறோம்.

ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களுக்கு இன்னொரு செய்தி. கணவர் ஜீவனாம்சம் கொடுக்க இயலாத நிலைக்கு ஆளானால் மனைவி ஃபஸ்க் கோரலாம் என்பது அந்த மத்ஹபிலேயே உள்ள சட்டம். 'நாங்கள் மத்ஹபை விட்டு நகர மாட்டோம்' என்போர், தம் மத்ஹப் பெண்ணுக்குக் கொடுத்த உரிமையையும் விட்டு நகராமல் இருக்க வேண்டும்.

ஜமாஅத்தின் கை கட்டப்பட்டிருக்கிறதா?

'எங்களுக்கு ஏது அதிகாரம்?' என்பது நிர்வாகிகள் பலரின் பதில். இக்கேள்விக்கு ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை சொல்லப்பட்டுவிட்டது. அன்றைய பஞ்சாபில், கொடுமைக்கார கணவரிடமிருந்து மீள வேறு வழியின்றி முஸ்லிம் பெண்கள் மதம் மாறுவதாக அறிவித்து நிகாஹை முறித்துக்கொள்ளும் அவலம் ஏற்பட்டது. அதைக் கண்டு உலமாக்கள் உறங்கவில்லை. ஹனஃபி மத்ஹபில் உறுதியாக நின்ற மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) அவர்கள், 'அல்ஹீலத்துன் நாஜிஸா' என்னும் நூலை இதற்காகவே எழுதினார்கள். கணவர் காணாமற்போதல், ஜீவனாம்சம் தராதிருத்தல் முதலியவற்றில் மாலிக்கி மத்ஹபின் தீர்வை எடுத்தாண்டார்கள். முஸ்லிம் காழி இல்லாத இடத்தில், மார்க்கப் பற்றுள்ளவர்களைக் கொண்ட முஸ்லிம்களின் ஜமாஅத் கூடி அப்பொறுப்பை ஏற்கலாம் என்றும் எழுதினார்கள்.

அந்த முயற்சியின் தொடர்ச்சியாக, முஹம்மது அஹ்மது காஸ்மி கொண்டுவந்த மசோதா 1939இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமாயிற்று. நான்கு ஆண்டுகள் கணவர் இருக்குமிடம் தெரியாமை, இரண்டு ஆண்டுகள் ஜீவனாம்சம் தராமை, ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை, தக்க காரணமின்றி மூன்று ஆண்டுகள் இல்லறக் கடமையை நிறைவேற்றாமை, கொடுமை முதலிய காரணங்களுக்காக ஒரு முஸ்லிம் பெண் நீதிமன்றத்தில் நிகாஹை முறித்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரைக் குர்ஆன் சொல்லும் நீதியுடன் நடத்தாமையும் அச்சட்டத்தில் கொடுமையாகவே எண்ணப்படுகிறது. இச்சட்டப்படி பிரிவதால் அவளது மஹர் உரிமை பாதிக்கப்படாது. இது நம் முன்னோர்களான உலமாக்களின் கவலையிலிருந்து பிறந்த சட்டம். ஆயினும் இதை நாடிச் செல்லும் பெண்ணை 'கோர்ட்டுப் படி ஏறியவள்' என்று ஏசுகிறோம்.

2023இல் சென்னை உயர் நீதிமன்றம், தனியார் அமைப்புகள் வழங்கும் குல்உ சான்றிதழ் சட்டப்படி செல்லாது என்றும், பெண் குடும்ப நீதிமன்றத்தை நாடலாம் என்றும் தீர்ப்பளித்தது. இதைக் காட்டி, 'இனி நாங்கள் தலையிட முடியாது' என்று கைகழுவும் ஜமாஅத்துகளும் உண்டு. தலையிட வேண்டியது இப்போதுதான். மார்க்க முறைப்படி விசாரித்து முடிவு சொல்லுங்கள். கணவரிடம் பேசித் தலாக் பெற்றுத் தாருங்கள். அவர் மறுத்தால், அப்பெண்ணின் கையில் ஒரு காகிதத்தைத் திணித்து அனுப்பாமல், நீதிமன்றத் தீர்ப்புப் பெறும்வரை அவளுக்குத் துணை நில்லுங்கள்.

விடுதலைக்குப் பின்னும் விடாத பூட்டு

போராடி மீண்ட பெண்ணுக்கு அடுத்த தடை மறுமணத்தில் வருகிறது. ஆண் மறுமணம் செய்தால் அது சுன்னத். பெண் செய்தால், 'இந்த வயதில் இவளுக்கு என்ன அவசரம்?' என்கிறோம். வேறு மஹல்லாவில் நிகாஹ் நடக்கத் தடையில்லாக் கடிதம் வேண்டும். முன்னாள் கணவரோடு உள்ள தீராத பகையைக் காரணம் காட்டி அக்கடிதம் இழுத்தடிக்கப்படுகிறது.

நபி (ஸல்) அவர்களின் மனைவியரில் ஆயிஷா (ரலி) அவர்களைத் தவிர மற்ற அனைவரும் முன்பே மணமானவர்கள். ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) மணவிலக்குப் பெற்றவர்கள். அவர்களின் மறுமணம் குர்ஆனிலேயே பேசப்படுகிறது (33:37). ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) தலாக் பெற்று இத்தாவை முடித்தவுடன் முஆவியா (ரலி), அபூஜஹ்ம் (ரலி) இருவரும் பெண் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் உஸாமா (ரலி) அவர்களை மணக்கும்படி ஆலோசனை கூறினார்கள். மஅகில் இப்னு யஸார் (ரலி), தம் சகோதரியை விலக்கிய கணவர் இத்தா முடிந்தபின் மீண்டும் பெண் கேட்டு வந்தபோது, கோபத்தால் மறுத்தார்கள். அவளும் அவரை விரும்பினாள். பெண்கள் மணமுடிப்பதைத் தடுக்காதீர்கள் என்ற வசனம் (2:232) அப்போது இறங்கியது. உடனே அந்த நபித்தோழர் தம் கோபத்தை விழுங்கிவிட்டு நிகாஹ் செய்துவைத்தார்கள். ஓர் அண்ணனின் நியாயமான ரோஷத்தையே அல்லாஹ் அனுமதிக்கவில்லை. நம் நிர்வாகக் குழுவின் வீம்பை அவன் அனுமதிப்பானா?

மறுமணம் என்றதும் எழும் மற்றோர் அச்சுறுத்தல், 'நீ வேறு நிகாஹ் செய்தால் குழந்தையைத் தகப்பனிடம் ஒப்படைத்துவிட வேண்டும்' என்பது. அந்நியரை மணந்தால் தாயின் வளர்ப்புரிமை பின்தள்ளப்படும் என்று ஃபுகஹாக்கள் கூறியிருப்பது மெய்யே. ஆனால் அவ்வுரிமை அடுத்ததாக யாரிடம் செல்கிறது? நான்கு மத்ஹபுகளின் நூல்களிலும் தாய்க்கு அடுத்த இடத்தில் இருப்பவள் தாயின் தாய். உமர் (ரலி) அவர்கள் தாம் விலக்கிய மனைவியிடம் வளர்ந்த மகன் ஆஸிமை எடுத்துச் செல்ல முயன்றபோது, அச்சிறுவனின் பாட்டி குறுக்கே நின்று வழக்காடினார். கலீஃபா அபூபக்ர் (ரலி) பாட்டியின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். உமர் (ரலி) ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசவில்லை என்று முவத்தா பதிவு செய்கிறது. உமரையே விடக் கண்டிப்பான தகப்பன்மார் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்களா?

சொல்லப்படும் சமாதானங்கள்

முதலாவது, 'பெண்கள் உணர்ச்சிவசப்படுவார்கள். வாசலைத் திறந்தால் குடும்பங்கள் சிதறும்' என்பது. ஆத்திரத்தில் ஒரே மூச்சில் முத்தலாக் சொன்ன ஆண்களின் கதைகளைக் கேட்ட சமுதாயம் இப்படிப் பேசலாமா? உணர்ச்சிவசப்படுவது இரு பாலாருக்கும் உண்டு. அதனால்தான் இரு குடும்பத்திலிருந்தும் நடுவர்களை அனுப்பும்படி குர்ஆன் கூறியது (4:35). அந்த ஏற்பாட்டைக் கணவரின் தலாக்குக்கு முன்பும் கட்டாயமாக்குங்கள். மனைவியின் குல்உவுக்கு முன்பும் கட்டாயமாக்குங்கள்.

இரண்டாவது, தக்க காரணமின்றித் தலாக் கேட்கும் பெண்ணுக்குச் சுவனத்தின் வாடையும் கிட்டாது என்ற ஹதீஸ். 'காரணமின்றி' என்ற சொல்லை விழுங்கிவிட்டு இதை ஓதுபவர்களைப் பார்க்கிறோம். அடியும் பசியும் புறக்கணிப்பும் காரணமில்லையா? அதே ஸாபித் (ரலி) அவர்களின் மனைவியை நபி (ஸல்) இவ்வாறு மிரட்டி அனுப்பினார்களா? பரீரா (ரலி) விடுதலை பெற்றபின், அடிமையாயிருந்த கணவர் முகீஸைப் பிரிந்தார்கள். முகீஸ் கண்ணீரோடு அவர் பின்னால் அலைந்ததைப் பார்த்து நபி (ஸல்) பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரையே என்றார்கள். அப்படியானால் அவர் எனக்கு வேண்டாம் என்றார் பரீரா. அது குல்உ வழக்கன்று. விடுதலை பெற்ற அடிமைப் பெண்ணுக்குரிய தெரிவுரிமை. ஆயினும் படிப்பினை தெளிவானது. அல்லாஹ்வின் தூதரே பரிந்துரையோடு நின்றுகொண்ட இடத்தில், முத்தவல்லி கட்டளையிடுகிறார்.

மூன்றாவது, 'இதையெல்லாம் வெளியே பேசினால் எதிரிகளுக்கு வாய்ப்பாகிவிடும்' என்பது. 2017இல் உச்ச நீதிமன்றம் முத்தலாக்கைச் செல்லாது என்றது. 2019இல் அதைச் சொல்லும் கணவருக்கு மூன்றாண்டுகள் வரை சிறை என்று சட்டம் வந்தது. 2025இல் உத்தரகாண்டில் பொது சிவில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாம் பேசாமல் இருந்ததால் இவற்றில் எது தடுக்கப்பட்டது? 2019இன் சட்டம் தலாக் சொன்னவனைச் சிறைக்கு அனுப்பும். தலாக்கும் சொல்லாமல் வாழவும் விடாமல் தொங்கவிடும் கணவனை அது தொடாது. அந்தப் பெண்ணுக்குத் தேவையான நீதி நம் நூல்களில் இருக்கிறது. அதை நாம் கொடுக்காதவரை, ஷரீஅத் நீதியானது என்று மேடையில் முழங்குவதை அவளே நம்ப மாட்டாள்.

செய்ய வேண்டியவை

ஒவ்வொரு ஜமாஅத்தும் இவற்றைத் தீர்மானமாக எழுதிப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டட்டும். மனைவியின் மனு வந்த நாளிலிருந்து, ஓர் இத்தாவின் அளவான மூன்று மாதங்களுக்குள் விசாரணை முடிய வேண்டும். கணவர் வெளிநாட்டில் இருந்தால் தொலைபேசியில் விசாரிக்கலாம். அவர் வரும்வரை காத்திருப்பது நிபந்தனையாகாது. விசாரணையில் அப்பெண் நம்பும் பெண்கள் இருவராவது உடனிருக்க வேண்டும். கணவர் மெய்யாகக் கொடுத்த மஹருக்கு மேல் குல்உவுக்கு ஈடாக எதுவும் பேசக் கூடாது. குற்றம் கணவருடையது எனத் தெரிந்தால் மஹரையும் கேட்கக் கூடாது. பெண் வீட்டார் கொடுத்த நகையும் சீரும் பேரத்தின் பொருளல்ல. அவை அவளுக்குத் திரும்ப வேண்டும். விலக்குப் பெற்று இத்தா முடிந்தவளுக்கு மறுமணத் தடையில்லாக் கடிதம் கேட்ட அன்றே கிடைக்க வேண்டும்.

நிகாஹ் நேரத்திலேயே செய்யத்தக்க ஒன்றும் உண்டு. குறிப்பிட்ட சூழலில் தலாக்கின் அதிகாரத்தைக் கணவர் மனைவிக்கு ஒப்படைக்கும் தஃப்வீள், ஹனஃபி நூல்களில் விரிவாகப் பேசப்பட்ட சட்டம். பல மாதங்கள் செலவு கொடுக்காமல் கைவிட்டால் இவ்வதிகாரம் மனைவிக்கு வரும் என்று நிகாஹ் பதிவேட்டில் ஒரு வரி சேர்ப்பதற்குப் பெண்ணின் தகப்பனார்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. நூறு பவுன் பேசத் தெரிந்த நாவுக்கு இந்த ஒரு வரி கனமானதா?

கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டால் அல்லாஹ் தன் விசாலத்திலிருந்து இருவரையும் தேவையற்றவர்களாக்குவான் என்று வாக்களித்திருக்கிறான் (4:130). அந்த வாக்கு இருவருக்குமானது. ஒருவருக்கு மட்டும் அதைத் திறந்துவிட்டு மற்றவருக்கு மூடும் அதிகாரத்தை அவன் எந்த ஜமாஅத்துக்கும் தரவில்லை.

தொங்கிக்கொண்டிருக்கும் நம் சகோதரிகளின் பிரார்த்தனைக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை எதுவும் இல்லை என்பதை, தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அமரும் ஒவ்வொருவருக்கும் வல்ல ரஹ்மான் நினைவூட்டுவானாக! நீதியோடு நடக்கும் நல்வாய்ப்பை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.